ஒரே சேமிப்பு, இரண்டு படகு: எதில் குடியேறுவது?

கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் ஈப்போவில் இருக்கிறோம். எனக்கு 55, அவருக்கு 51. அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு, லங்காவியில் ஒரு பாய்மரப் படகு வாங்கி அதிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் மூன்று ஆண்டுகள் லங்காவி, பினாங்கு, புக்கெட் பக்கம். அதன்பின் முடிந்தால் இலங்கை வரை. இதற்கென்று 750,000 ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறோம். இரண்டு படகுகளைப் பார்த்தோம். ஒன்று 2004-இல் கட்டிய லகூன் 380 கேட்டமரன் (இரட்டை உடல் படகு), வாடகைக்கு ஓடியது, விலை 690,000. மற்றது 2012-இல் கட்டிய ஜானோ சன் ஒடிசி 409 மோனோஹல் (ஒற்றை உடல் படகு), 430,000. மனைவிக்குக் கடலில் தலைசுற்றல் உண்டு. மூட்டுவலி உள்ள என் அம்மா (76) ஆண்டுக்கு நான்கு மாதம் எங்களோடு இருப்பார். இருவரும் பாய்மரப் பயிற்சி முடித்துவிட்டோம். கட்டுமரம் நம் சொத்துதானே, அதனால் என் மனம் கேட்டமரன் பக்கம் சாய்கிறது. எதை வாங்கலாம்?
– ஈப்போ வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். வாங்குகிறவர்களுக்காகப் படகுகளைத் தட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். உங்களைப் போல ஒரு கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வரும். ஆனால் அம்மாவைப் பற்றி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தக் கட்டுமரம். சொல் நம்முடையது, படகின் அமைப்பு நம்முடையது அல்ல. நம் கரைகளில் கட்டுமரம் என்றால் சில மரங்களைக் கயிற்றால் சேர்த்துப் பிணைத்தது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர்கள் சொல்லை எடுத்துப் போனார்கள். பின்னால் அது இரட்டை உடல் படகுக்குப் பெயராகிவிட்டது. இரண்டு உடல்களை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவில் பாலம் போட்டுப் பெருங்கடலைக் கடந்தவர்கள் பொலினீசியர்கள். ஆனால் ஒரு குணத்தில் இன்றைய கேட்டமரன் நம் கட்டுமரத்துக்கு உறவுதான். இரண்டுக்கும் அடியில் பாரம் கிடையாது. அலை மேலே ஏறி வழிந்து போனாலும் கட்டுமரம் மூழ்காது. ஈயமும் இரும்பும் தொங்காததால், பல கேட்டமரன்கள் தண்ணீர் நிறைந்தாலும் மிதந்துகொண்டிருக்கும்.

மோனோஹல் வேறு வழியில் பாதுகாப்பைத் தேடுகிறது. நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கனம், தட்டினால் சாயும், விட்டால் எழும். படகின் அடியில் தொங்கும் கீல் அந்தக் கனம். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அதிலேயே இருக்கலாம். கேட்டமரனோ கட்டில் மாதிரி. நான்கு கால்களையும் அகலமாக ஊன்றி நிற்கும், அசைக்கக் கஷ்டம். ஆனால் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் கவிழ்ந்தபடியே நிம்மதியாக இருக்கும், தானாக நிமிராது. அதனால்தான் பல கேட்டமரன்களில், கவிழ்ந்தால் வெளியேற உடலின் பக்கவாட்டில் ஒரு கதவு வைத்திருப்பார்கள். பார்க்கும்போது அது எங்கே இருக்கிறது, திறக்கிறதா என்று கவனியுங்கள்.

இதைச் சொன்னதும் பயந்துவிட வேண்டாம். குடும்பத்தோடு நிதானமாகப் போகிற கேட்டமரன்கள் கவிழ்வது மிக அரிது. ஆனால் அதை ஓட்டுகிறவருக்கு ஒரு பழக்கம் அவசியம். காற்று கூடினால் மோனோஹல் சாய்ந்து காட்டும். தட்டு சரியும், தேநீர் கொட்டும், வீட்டில் யாராவது சத்தம் போடுவார்கள், நீங்கள் எழுந்து போய்ப் பாயைச் சுருக்குவீர்கள். கேட்டமரன் அப்படி எதுவும் சொல்லாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்கு. அந்த விசை சாய்வாக வெளிப்படாமல் பாய்மரத்திலும் அதைத் தாங்கும் கம்பிகளிலும் ஏறிக்கொண்டிருக்கும். எனவே உடம்பில் படும் உணர்வை நம்பாமல் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துப் பாயைச் சுருக்க வேண்டும். அதுவும் சராசரிக் காற்றுக்கு அல்ல, எதிர்பார்க்கும் உச்ச வீச்சுக்கு.

நம் மலாக்கா நீரிணையில் இது வெறும் பாடம் அல்ல. தென்மேற்குப் பருவத்தில் சுமாத்திரா பக்கமிருந்து விடியலுக்கு முன் திடீரென ஒரு கறுப்புக் கோடு வரும். இங்கே எல்லோரும் அதை ‘சுமாத்ரா’ என்றே சொல்வோம். மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் இருந்த காற்று சில நிமிடங்களில் 40-ஐத் தொடும். ஒருமுறை லங்காவியிலிருந்து பினாங்குக்கு ஒரு கேட்டமரனைக் கொண்டு போனபோது, இரவு முழுவதும் அமைதி என்பதால் முழுப் பாயையும் விரித்து வைத்துவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு அது வந்தது. படகு சாயவே இல்லை. கப்பிகளின் சத்தம் மட்டும் மாறியது, சுக்கான் கையில் இறுகியது. பாயை இறக்கி முடிப்பதற்குள் என் கை நடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு இருட்டும் முன் பாயைச் சுருக்காமல் நான் படுத்ததில்லை. நீங்கள் எந்தப் படகை எடுத்தாலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

சரி, குடியிருப்புக்கு வருவோம். படகில் வாழ்கிறவர் உண்மையில் பயணம் செய்யும் நாட்கள் குறைவு. பெரும்பாலான நேரம் நங்கூரத்திலோ, மரினா எனும் படகு நிறுத்தும் துறையிலோதான். அங்கே கேட்டமரன் சொர்க்கம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லங்காவியின் குவா துறையில் நங்கூரமிட்டுப் பாருங்கள். குவாலா பெர்லிஸ், குவாலா கெடா ஃபெரிகள் கிளப்பும் அலையில் மோனோஹல் இருபுறமும் உருளும். பக்கத்துக் கேட்டமரனில் குவளை அசையாது. கூடம் தளத்தின் மட்டத்தில், நாலாபுறமும் ஜன்னல். சமைக்கிறவர் கடலைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம். லகூன் 380-இன் அகலம் 6.53 மீட்டர், மோனோஹல் 4 மீட்டர்தான். சோலார் தகடு போடவும் துணி காயப் போடவும் மனத்தாங்கல் வந்தால் ஆளுக்கொரு பக்கம் போகவும் இடம் உண்டு. மிதப்பாழமோ, அதாவது படகு தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஆழமோ, 1.15 மீட்டர்தான். புக்கெட்டை ஒட்டிய பங்கா வளைகுடாவில் ஆழம் குறைந்த தீவுகளுக்கிடையே இது பெரிய வசதி. 409-இல் வழக்கமான கீல் என்றால் 2 மீட்டரைத் தாண்டும். குட்டைக் கீல் வைத்த படகுகளும் உண்டு, அவற்றில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நீங்கள் பார்த்தது எது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

வெப்பத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டமரனின் பெரிய கண்ணாடிகள் மதியத்தில் கூடத்தை அடுப்பாக்கிவிடும். வெளியே நிழல்துணி கட்டாமல் முடியாது. மோனோஹல்லின் உள்ளறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அவ்வளவு காயாது, முன் மூடியைத் திறந்து துணிப் புனல் கட்டினால் காற்று நேராக உள்ளே இறங்கும். இரண்டும் சமாளிக்கக் கூடியவையே.

இதையெல்லாம் கேட்டால் கேட்டமரன்தான் என்று தோன்றும். எனக்கும் அந்த வகைதான் உங்கள் வாழ்க்கைக்கு ஏற்றது என்று தோன்றுகிறது. ஆனால் உங்கள் முன்னால் இருப்பது ‘கேட்டமரன்’ என்ற வகை அல்ல, 20 ஆண்டு கடந்த ஒரு குறிப்பிட்ட படகு. அதை வாங்கினால் கையில் 60,000 ரிங்கிட்தான் மிஞ்சும். ஒரே சேமிப்பில் இரண்டையும் ஒப்பிடும்போது வடிவத்தை மட்டும் ஒப்பிடுவதாக நினைக்கிறோம். உண்மையில் வயதையும், வாங்கிய மறுநாள் மிஞ்சும் பணத்தையும்தான் ஒப்பிடுகிறோம்.

அந்த 60,000 எங்கே போகும் என்று பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றச் சொல்வார்கள். காப்பீட்டுக்காரர்கள் ரசீது கேட்பார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள்? இரண்டு இன்ஜின்கள், இரண்டு சேல்டிரைவ். சேல்டிரைவ் என்பது உடலில் துளை போட்டு இறக்கியிருக்கும் இன்ஜின் கால். அந்தத் துளையைக் கடல்நீரிலிருந்து காப்பது ஒரு ரப்பர் வளையம். இன்ஜின் தயாரிக்கும் வோல்வோ பென்டா அதை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. கேட்டமரனில் அது இரண்டு முறை செலவு. எண்ணெய், வடிகட்டி, குளிரூட்டும் பம்பு எல்லாமே இரண்டிரண்டு. பாசி பிடிக்காத வண்ணம் பூச இரண்டு உடல்கள். மரினாவில் அகலத்துக்கும் சேர்த்துக் கட்டணம். ஒன்றரை மடங்கு கேட்பது சாதாரணம். கரையேற்றும் கிரேனுக்குள் ஆறரை மீட்டர் அகலம் நுழைய வேண்டும், அது எல்லாத் துறையிலும் முடியாது. இரட்டை இன்ஜினின் நன்மையையும் சொல்லிவிடுகிறேன்: நம் கடலில் மீன்வலைக் கயிறு சுக்கானிலும் படகைத் தள்ளும் விசிறியிலும் சுற்றுவது வாடிக்கை. ஒன்று நின்றாலும் மற்றதில் வீடு திரும்பலாம். நெருக்கமான மரினாவில் இரண்டையும் எதிரெதிராக இயக்கினால் படகு இருந்த இடத்திலேயே திரும்பும்.

அடுத்தது எடை. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மூன்று பேர் குடியிருக்க என்ன ஏற்றுவீர்கள்? தண்ணீர் 400 லிட்டர் என்றால் 400 கிலோ. டீசல் 200 லிட்டர், 170 கிலோ. 10 மில்லிமீட்டர் சங்கிலி 60 மீட்டர், நங்கூரத்தோடு 160 கிலோ. கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியும் அதன் மோட்டாரும் 120. பேட்டரியும் சோலாரும் 150. உயிர்காப்புத் தெப்பம் 40. கருவிகள், உதிரிப் பாகங்கள் 150. அரிசி, பருப்பு, எரிவாயு உருளை 150. துணிமணி, புத்தகங்கள் 150. நீங்கள் மூவரும் 200. கூட்டினால் ஏறத்தாழ 1,700 கிலோ. வெறும் படகே சுமார் 7 டன்தான். கேட்டமரனின் உடல்கள் ஒடுங்கலானவை. ஏற்றினால் சட்டென்று அமிழும். அமிழ்ந்தால் நடுப்பாலத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறையும். அதன்பின் எதிர் அலை ஒவ்வொன்றும் பாலத்தின் அடியில் சுத்தியலால் அடிப்பதுபோல அறையும். அந்தச் சத்தத்தை முதல் இரவு கேட்கிறவர்கள் படகு உடைகிறது என்று நினைப்பார்கள். மனைவிக்குத் தலைசுற்றல் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு இந்த இரவு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 12 மீட்டரை ஒட்டிய சிறிய கேட்டமரன்களில் இந்தப் பிரச்சினை அதிகம். மோனோஹல்லும் எடையால் மெதுவாகும், ஆனால் இப்படிக் குணம் மாறாது.

ஒரு தந்திரம் சொல்கிறேன். படகைப் பார்க்கப் போகும்போது உள்ளே ஏறுவதற்கு முன் டிங்கியில் ஒரு சுற்று வாருங்கள். அடிவண்ணம் முடியும் கோட்டைப் பாருங்கள். படகைக் கட்டிய பட்டறை பூசிய கோட்டைவிட மேலே, இரண்டாம் முறை பூசி உயர்த்திய அடையாளம் தெரிந்தால், முன்னிருந்தவர் படகை நிரந்தரமாக அமிழ்த்தி வைத்திருந்தார் என்று பொருள். பின்பக்கப் படிக்கட்டில் கீழ்ப்படி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தாலும் அதே கதைதான்.

தலைசுற்றலைப் பற்றி: கேட்டமரன் அதற்கு மருந்து என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. அது சாயாது, கூடத்தில் உட்கார்ந்தே தொடுவானத்தைப் பார்க்கலாம், இவை பலருக்கு உதவும். ஆனால் இரண்டு உடல்களும் ஒரே அலையை வெவ்வேறு கணத்தில் சந்திப்பதால் அசைவு குட்டையாக, வெட்டி வெட்டி இருக்கும். மோனோஹல்லின் அசைவு நீளமானது, ஒரு தாளத்தில் வரும். சிலருக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது. உங்கள் மனைவி எந்தப் பக்கம் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடல்தான் சொல்ல வேண்டும்.

எதிர்காற்றில் மோனோஹல் நன்றாகப் போகும். ஆழக் கீல் இல்லாத கேட்டமரன் பக்கவாட்டில் வழுக்கும். ஆனால் உங்கள் திட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று; லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் இடையே பெரும்பாலும் பக்கக் காற்றாகவே கிடைக்கும். மற்ற மாதங்களில் பாதி நேரம் இன்ஜினில்தான். இலங்கைக்குப் போவதானால் ஜனவரி, பிப்ரவரியில் அதே காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். இலங்கையின் காலித் துறைமுகத்துக்குச் சுமார் 1,200 கடல்மைல், நாளுக்கு 140 மைல் ஓடினால் ஒன்பது நாள். பின்காற்றில் கேட்டமரன் சுகம், உருளாமல் போகும். மோனோஹல் உருளும். போய்ச் சேர்வதில் சந்தேகமில்லை.

இப்போது அம்மா. மோனோஹல்லில் இறங்கும் ஏணி செங்குத்தானது, நான்கைந்து படிகள், இரு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு முடியாது என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். ஆனால் ஒருமுறை இறங்கிவிட்டால் படுக்கை, கழிவறை, அடுப்படி, உட்காரும் இடம் எல்லாம் ஒரே மட்டம். கேட்டமரனில் டிங்கியிலிருந்து ஏறுவது எளிது, கூடத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் படுக்கையும் கழிவறையும் இரண்டு உடல்களுக்குள் கீழே இருக்கின்றன. ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகவும் மூன்று நான்கு படி இறங்கி ஏற வேண்டும். 76 வயதில் இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். இதை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது. அம்மாவை இரண்டு படகுக்கும் கூட்டிப் போங்கள். மரினாவில் மட்டும் போதாது, நங்கூரத்தில் நிற்கும்போது டிங்கியிலிருந்து ஏறவும் விடுங்கள். படுக்கச் சொல்லுங்கள், எழச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். நம் அம்மாக்கள் வாயால் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டீர்கள். இந்த விலையில் அந்தக் கேட்டமரன் வேண்டாம். 409-ஐ வாங்குங்கள். மிஞ்சும் 320,000-இல் கம்பி, சோலார், பேட்டரி, நல்ல நங்கூரம், தெப்பம் எல்லாம் போட்டாலும் இரண்டு மூன்று ஆண்டு செலவுக்குக் கையில் பணம் இருக்கும். படகில் குடியேறியவர்கள் சீக்கிரம் கரைக்குத் திரும்புவதற்குப் படகின் வடிவம் காரணமாக இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பணம் தீர்ந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சோதித்துப் பார்த்ததில் அம்மாவால் மோனோஹல் ஏணியில் இறங்கவே முடியவில்லை, கேட்டமரனில் முடிகிறது என்றால், அவர் வசதிதான் முதலில். அப்போதும் 690,000 கொடுக்காதீர்கள். கரையேற்றிப் பரிசோதித்த பிறகு 560,000-க்கு மேல் போகாதீர்கள், விற்பவர் அந்த விலைக்கு இறங்கவில்லை என்றால் வேறு படகுக்குக் காத்திருங்கள். விற்பனைக்குக் கேட்டமரன்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

409-ஐ எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். தலையாட்டி பொம்மை எழும் என்றேன். அடியில் கனம் இருக்கும்வரைதான் எழும். 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 40 அடி மோனோஹல் அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீலின் பிடிப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் விசாரணை அறிக்கை சொன்னது. அது வேறு பட்டறையின் படகு. ஆனால் பாடம் எல்லாப் படகுக்கும்தான். எனவே விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: இது எப்போதாவது தரைதட்டியதா? உள்தளப் பலகையைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துரு வழிந்திருக்கிறதா, உள்சட்டகத்தில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பரிசோதகரைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டமரனாக இருந்தால் அதே கவனம் பாய்மரத்துக்குக் கீழே உள்ள குறுக்குச் சுவர்களுக்கு வேண்டும். வாடகைக்கு ஓடிய படகுகளில் அங்கேதான் முதலில் விரிசல் தெரியும். பரிசோதகரை நீங்களே தேடுங்கள், தரகர் சொல்கிறவரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம். இரண்டு வகையையும் வகைக்கு ஒரு வாரமாக வாடகைக்கு எடுத்து, முடிந்தால் தென்மேற்குப் பருவத்திலேயே, ஈரமான கெட்ட வாரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு நாளாவது மனைவி மட்டும் சுக்கானைப் பிடித்துப் படகைத் துறைக்குள் கொண்டுவரட்டும். நீங்கள் படுத்துவிட்டால் அவர்தான் உங்களையும் அம்மாவையும் கரை சேர்க்க வேண்டும். அந்தப் பதினான்கு நாள் குறிப்பையும் இரண்டு படகின் பராமரிப்பு ரசீதுகளின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். எந்த ரசீது இல்லை என்பதைப் பார்த்தே எங்கே துருவ வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.